கச்சான் காற்றின் மேல் போட்ட பழி

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
ஜூன் 14

அன்புள்ள சுஹைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாகத் தலவாக்கலை போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே உன் உம்மாவும் நானும் நல்ல சுகம். உன் மூக்கும் பஸ் கண்டியைத் தாண்டியதுமே சுகமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போனில் கதைக்கலாமே என்று நீ கேட்பாய். உங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது அந்தத் தேயிலை ஃபக்டரி வளைவில் மட்டும். அங்கே உன் பக்கத்தில் உன் விடுதிக்காரி ஜெயரூபி டீச்சர் நிற்பார். இங்கே என் பக்கத்தில் உன் உம்மா, என் மாமி, நிற்பார். இரண்டு காவல்காரருக்கு நடுவில் ஒருவன் தன் மனைவியோடு என்னத்தைக் கதைப்பது? சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி வைக்கிறேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாம் கதைத்ததில் பாதி இந்த மூன்று வசனம்தான். கடிதமென்றால் யாரும் குறுக்கே வந்து நலம் விசாரிக்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இங்க வந்தா மூக்கு தானாத் திறந்திடுது, ஊருக்கு வந்தா மூச்சு விட ஏலாம இரிக்கி, இந்த வருஷம் இடமாற்றத்துக்குப் போடாம விட்டா என்ன எண்டு யோசிக்கிறன் என்றாய். அத்தோடு சிக்னல் போய்விட்டது. எனக்கு முதலில் கோபம் வந்தது. மில்லில் மெசினுக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், உன்னை நன்றாகத் திட்டினேன். பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. பயம் இன்னும் போகவில்லை.

நியமனம் மலைநாட்டுக்கு என்று கடிதம் வந்தபோது நாம் கலியாணம் கட்டிப் புதிது. கஷ்டப் பிரதேச சேவையை முடித்துக்கொண்டு எத்தனையோ டீச்சர்மார் திரும்பி வந்திருக்கிறார்கள், நீயும் வருவாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது உன் சேவைக்காலம் முடிகிறது. இடமாற்ற விண்ணப்பத்தில் பாடசாலை அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்து வழியை மறிக்கிறது. சுஹைரா, யாரிடம் வேண்டுமானாலும் தோற்பேன், ஒரு தும்மலிடம் உன்னைத் தோற்றுக்கொடுக்க நான் தயாரில்லை.

ஆகவே நன்றாக யோசித்தேன். நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், நான் சொல்வது சரியா என்று பார். உனக்கு ஒத்துவராதது நடு வருஷத்தில் தூசியை வாரிக்கொண்டு வீசுகிற இந்தக் கச்சான் காற்று என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. மாமியும் அதைத்தான் சொல்கிறார். ஏப்ரல் விடுமுறைக்கு வந்தாய், தும்மினாய். கச்சான் இந்த முறை முந்திவிட்டது என்றோம். ஆகஸ்டில் வந்தாய், தும்மித் தும்மி மூக்கு வெங்காயம் மாதிரிச் சிவந்தது. கச்சான் போகாமல் நிற்கிறது என்றோம். டிசம்பரில் வந்தாய், ஒரு தும்மல் இல்லை. மழை தூசியை அமர்த்திவிட்டது என்றோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இந்த முறை நீ சொல்லாமல் வந்து சேரும் வரைக்கும்.

உன் மாமா முஹம்மது தம்பி மௌத்தான செய்தி கேட்டு நீ ஓடி வந்தாய். அந்த நாட்களில் வீசிய கச்சானை மறந்திருக்க மாட்டாய். எதிர்வீட்டு உம்மு குல்சும் ராத்தாவின் தகரம் ஒன்று பறந்து நம் வேலியில் வந்து தொங்கியது. நானும் மில்லுக்குப் போகாமல் மௌத்து வீட்டிலேயே நின்றேன். நீ பெண்களோடு உம்மாவின் அறையில் பாயில் படுத்தாய். இரண்டு இரவும் ஒரு தும்மல் இல்லை. அழுது அழுது மூக்கு அடைத்ததுதான், அது வேறு.

மூன்றாம் நாள் என்ன நடந்தது? மகள் இன்னும் ஒரு நாள் நிற்பாள் என்று மாமி நம் அறையைத் திறந்தார். கட்டில் மெத்தையை முற்றத்தில் போட்டு, தும்புத்தடியால் அடி அடியென்று அடித்து, உள்ளே கொண்டுபோய் விரித்து, அந்தி மஃரிபுக்குச் சாம்பிராணியும் காட்டினார். நான் மில்லால் வந்து உன் பக்கத்தில் குந்தி இரண்டு கதை கதைப்பதற்குள் நீ தொடங்கிவிட்டாய். காலையில் கண்ணிரண்டும் வீங்கி, துவாயை மூக்கில் பிடித்தபடியே பஸ் ஏறினாய். கையைக்கூட ஆட்டவில்லை.

காற்று அன்றைக்குப் புதிதாக வரவில்லை. புதிதாக வந்தது மெத்தை. அந்த இலவம் பஞ்சு மெத்தைதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் அதைத் தூக்கி வெளியே போட எனக்கு உரிமை இல்லை. மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்கிற ஊர் நம்முடையது. நான் ஒரு பெட்டியோடு வந்து ஏறியவன். மெத்தையோ உன் கலியாணத்துக்காக மாமி மாதக்கணக்கில் உட்கார்ந்து கொட்டை நீக்கிப் பஞ்சடைத்துத் தைத்தது. அதில் கைவைப்பது மாமியின் மனதில் கைவைப்பது. ஆகவே வீட்டுக்காரியிடம் எழுத்தில் அனுமதி கேட்கிறேன். கெதியாய்ப் பதில் போடு.

அல்லாஹ் உன் மூச்சை லேசாக்குவானாக.

உன் வீட்டில் குடியிருக்கும்,
நிப்றாஸ்

*

குறிஞ்சாக்கேணி,
ஜூலை 5

அன்புள்ள சுஹைராவுக்கு,

ஸலாம். உன் அனுமதி கிடைத்தது. உம்மாட மனம் நோகாமச் செய்யுங்க என்று எழுதியிருந்தாய். நோகாமல் செய்ய என்னால் முடிந்த மட்டும் பார்த்தேன். முடியவில்லை.

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். நான் மெத்தையைச் சுருட்டித் தூக்கியபோது வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். உதவி செய்கிறார் என்று நினைத்து உள்ளம் குளிர்ந்தேன். பார்த்தால் அதைத் தன் அறைக்கு இழுத்துப் போய், தன் கட்டிலில் ஏற்கெனவே இருந்த மெத்தைக்கு மேல் போட்டுவிட்டார். இப்போது உன் உம்மா இரண்டு மெத்தைக்கு மேல் படுக்கிறார். ஸ்டூல் வைத்துத்தான் ஏறுகிறார். விழுந்துவிடுவீங்க மாமி என்றேன். என்னோடு கதைக்காமல் குசினிச் சுவரோடு கதைத்தார். மகளுக்குச் செஞ்சதை மகள் வேணாம் எண்டா உம்மாதான் படுக்கணும் என்று சுவருக்குச் சொன்னார்.

அத்தோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று டொக்டரைக் கண்டேன். நோயாளி எங்க என்று கேட்டார். தலவாக்கலையில் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், சிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்குள் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவத்திச் சுருளும் வேண்டாம். கூட்டும்போது தூசி கிளம்பும், ஆகவே நிலத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். தடித்த திரைச்சீலைகளைக் கழற்ற வேண்டும். நீ அடிக்கிற ஸ்ப்ரேயை உன் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. நெஞ்சு இறுகினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் பூனை, ஆடு, தூசி வேலை ஏதும் உண்டா என்றும் கேட்டார். வீட்டில் ஒரு தூசி வேலையும் இல்லை, நான் மில்லில் மெசின் ஓட்டுகிறவன், வேலையெல்லாம் அங்கேயே என்று பெருமையாகச் சொன்னேன். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பின்னால் நின்ற கிழவர் என்னைத் தள்ளிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

மூக்கைக் கழுவவும் ஒரு முறை சொன்னார். தொழுகைக்கு முன் வுளூ செய்யும்போது மூக்குக்குத் தண்ணீர் செலுத்துகிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட வேண்டும். உனக்குச் சொல்வதற்கு முன் என் மூக்கில் செய்து பார்த்தேன். உப்பு கூடிவிட்டது. கண்ணால் மூக்கால் எல்லாம் ஓட, கிணற்றடியில் குதித்தேன். மாமி பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கோபத்தில் இருப்பது ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கலியாணத்துக்குத் தொங்கவிட்ட சிவப்பு வெல்வெட் திரையையும் கழற்றிவிட்டேன். அதை உதறியபோது எழும்பிய தூசியைப் பார்த்தால், நாம் இவ்வளவு நாளும் அதற்குக் கீழே உயிரோடு இருந்ததே பெரிய காரியம். சாம்பிராணிச் சட்டியை மாமி தானாகவே வேலியோரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வியாழன் மாலையில் அங்கே நின்று வாழைமரத்துக்குப் புகை காட்டுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. மகள் வீடு மணக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் காட்டினார்.

இப்போது ஒரு நல்ல செய்தி. மில்லில் பெரும்போக நெல்லின் கடைசி மூட்டைகள் ஓடுகின்றன. சிறுபோகம் வெட்டத் தொடங்கிவிட்டால் தலைநிமிர நேரம் இருக்காது என்று சொல்லி முதலாளி அப்துல் மஜீத் ஹாஜியாரிடம் லீவு கேட்டுவிட்டேன். வருகிற வெள்ளி மில்லிலிருந்து நேராகப் பஸ் ஏறி, கண்டியில் என் சாச்சா வீட்டில் இரவு தங்கி, சனி காலையில் உன்னிடம் வருகிறேன். வீட்டில் செய்திருக்கிற மாற்றங்களை நேரில் சொன்னால்தான் நம்புவாய். விண்ணப்பத்தையும் கையோடு நிரப்ப வைக்கலாம் என்பது என் எண்ணம். இதை மறைக்கவில்லை.

மாமி மாசிச் சம்பலும் முறுக்கும் கட்டித் தருகிறார். ஒரு சட்டி தயிர் கொண்டு போகட்டுமா என்று கேட்டதற்கு, மூக்குக்காரிக்கு அந்தக் குளிருக்குள்ள தயிரா என்று சுவரிடம் கேட்டார். குளிர் குளிர் என்று நீயும் பயமுறுத்துகிறாய். என்னிடம் இருக்கிற குளிர் உடுப்பு ஒன்றே ஒன்று, மில்லில் ஆணியில் தொங்குகிற அந்தப் பழைய ஜக்கெட். விடியற்காலை வேலைக்குப் போடுவது. அதையே போட்டுக்கொண்டு வருகிறேன், சிரிக்காதே.

சந்தியில் வந்து நில். உன்னைக் காண வருகிற மகிழ்ச்சியோடு,

நிப்றாஸ்

*

குறிஞ்சாக்கேணி,
ஜூலை 13

சுஹைராவுக்கு,

ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். உன் நெஞ்சு இறுக்கம் குறைந்ததா? இதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நான் சொல்லிக்கொள்ளாமல் பின்னேர பஸ்ஸில் திரும்பியது உனக்குக் கோபமாக இருக்கும். நான் நிற்க நிற்க உனக்குக் கூடிக்கொண்டே போனது. வேறென்ன செய்ய?

நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன். சந்தியில் இறங்கும்போது சுகமாகத்தான் நின்றாய். தூறலில் நனைந்துகொண்டு ஒரு மெல்லிய சால்வையோடு நின்றாய், உதடு நடுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. என் ஜக்கெட்டைக் கழற்றி உன் தோளில் போட்டேன். கையைக் கோத்துக்கொண்டாய். இப்படி உன்னோடு தனியாக நடந்து எத்தனையோ மாதம், உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபக்டரி வளைவுக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டாய். கண் சிவந்து, மூச்சு இழுத்து, ஜெயரூபி டீச்சர் ஸ்ப்ரேயோடு ஓடி வந்தார். என்ன அண்ணா, கிண்ணியாக் காத்தையும் பையில கட்டிக்கொண்டு வந்திட்டீங்களோ என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. தலவாக்கலையில் கச்சான் இல்லை. மெத்தை இல்லை, வெல்வெட் திரை இல்லை, சாம்பிராணி இல்லை. அங்கே புதிதாக வந்தது நான் ஒருவன்தான்.

மாமியின் மெத்தையோடு சண்டை பிடித்தேன், வாழைமரத்துக்குப் புகை காட்ட வைத்தேன், டொக்டரின் நேரத்தைச் சாப்பிட்டேன். கடைசியில் உனக்கு ஒத்துவராதது நான்தானா? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் கண்டியிலிருந்து கந்தளாய் வரைக்கும் இந்த ஒரு கேள்விதான் என்னோடு வந்தது. உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

மாமி வாசலில் நின்றார். மகளுக்கு எப்பிடி என்றார். என்னோடு நேரடியாகக் கதைத்து எத்தனையோ நாள். நல்ல சுகம் மாமி என்று பொய் சொன்னேன்.

விண்ணப்பத்தைப் பற்றி நான் இனி வாய் திறக்க மாட்டேன். நீ மூச்சு விட வேண்டும். அது எங்கே முடிகிறதோ அங்கே இரு. நான் மாதத்துக்கு ஒருமுறை வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

அவசரத்தில் ஜக்கெட்டை உங்கள் விடுதி விறாந்தைக் கதிரையில் விட்டுவிட்டேன். குப்பையில் போட்டுவிடு.

நிப்றாஸ்

*

குறிஞ்சாக்கேணி,
ஜூலை 24

என் அன்பு சுஹைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மில்லில் நெல் மூட்டைக்கு மேல் குந்திக்கொண்டு வாசித்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கண்ணைத் துடைத்தேன். பக்கத்தில் நின்ற பாஹிம் யாருக்கு என்ன என்று பதறிப்போனான். ஒண்டுமில்ல மச்சான், கண்ணுல தூசி என்றேன். அந்தப் பொய்யில் எவ்வளவு உண்மை இருந்தது என்று அந்த நேரத்தில் எனக்கே விளங்கவில்லை.

நீ எழுதியதை இப்போது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஜக்கெட்டைக் குப்பையில் போட மனமில்லாமல் எடுத்து உதறினாயாம். உமித் தூள் புகை மாதிரிப் பறந்து, அந்த இடத்திலேயே தும்மல் பிடித்ததாம். டீச்சரல்லவா, அதோடு விடவில்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுடுதண்ணீரில் கழுவினாய். முதல் தண்ணீர் மாட்டுக்கு வைக்கிற தவிட்டுத் தண்ணீர் மாதிரிப் போனதாம். தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும் கழுவி, வெயில் வந்த அன்று காய வைத்து, பயந்து பயந்து போட்டுப் பார்த்தாய். ஒன்றும் வரவில்லை. பிழை உங்கள்ல இல்ல, உங்கட உடுப்புலதான், கோவிச்சுக்கொண்டு பஸ் ஏற முதல் ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே என்று ஏசியிருந்தாய். ஏச்சு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீ எழுதிய வரியைத்தான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாயாம்.

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மெசினைப் பார்த்தேன். அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஏப்ரலில் நீ வரும்போது மில்லில் பெரும்போக நெல் மலை மாதிரிக் குவிந்திருக்கும். ஆகஸ்டில் சிறுபோகம் வரத் தொடங்கும். டிசம்பரில் நெல் இல்லாமல் மில் பூட்டிக் கிடக்கும், நான் மண்வெட்டியோடு வயலில் நிற்பேன். மாமா மௌத்தான அந்த இரண்டு நாளும் நான் மில் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன், மில் உடுப்போடு வந்து உன் பக்கத்தில் குந்தினேன். கச்சானின் காலம் என்று நாம் நினைத்தது மில்லின் காலம். பாவம் கச்சான், இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் பழியைச் சுமந்தது. மெத்தையும்தான்.

இதை மாமியிடம் சொல்ல வேண்டுமே. ஆண்பிள்ளைக்கு வேண்டிய தைரியம் முழுவதையும் திரட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்று சொன்னேன். மாமி, மெத்தையில பிழை இல்ல, பிழை என்ட உடுப்புல என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். இனி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அப்ப என்ட புள்ள வருவாளா மகன் என்று கேட்டார். சுவரிடம் இல்லை, என்னிடம் கேட்டார். வர வைக்கிறேன் மாமி என்று சொல்லிவிட்டேன். ஆகவே என் வாக்கு இப்போது உன் கையில் இருக்கிறது.

அடுத்த நாளே மாமியின் சட்டம் வந்துவிட்டது. மில் உடுப்போடு இந்த வீட்டு வாசல்படியை யாரும் மிதிக்கக் கூடாது. யாரும் என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? கிணற்றடியில் தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டினேன். உம்மு குல்சும் ராத்தாவின் பறந்த தகரம்தான், கேட்டுத்தான் எடுத்தேன். மில்லிலேயே குளித்து, உடுப்பை அங்கேயே மாற்றி, பையில் கட்டிக்கொண்டு வருகிறேன். வந்ததும் அந்த மறைப்புக்குள் இன்னொரு முறை தலைக்கு ஊற்றி, வேறு சாரம் கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மில் உடுப்பு சுடுதண்ணீரில் தனியாக ஊறும், காய்வதும் பின்வேலிக் கொடியில் தனியாகத்தான். ஒருநாள் களைப்பில் மறந்து படியில் கால் வைத்துவிட்டேன். மாமி தும்புத்தடியைத் தூக்கினார். அல்லாஹ்மேல் ஆணையாக, மெத்தைக்கு விழுந்த அடி எனக்கு விழுந்திருக்கும்.

பாஹிமிடமும் சொன்னேன். அவனுடைய மனைவி ஒவ்வொரு போகத்துக்கும் இருமுகிறாள், அவனும் கச்சானைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். இப்போது மில் கிணற்றடியில் பின்னேரத்தில் குளிக்க வரிசை நிற்கிறது. ஹாஜியார் என்னடா இது, எல்லாரும் மாப்பிள்ளை போறமாதிரிக் குளிக்கிறீங்க என்றார். காரணத்தைக் கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் முகக்கவசம் ஒரு பெட்டி வந்திருந்தது.

டொக்டர் சொன்ன மற்றவற்றையும் நான் விடவில்லை. நிலம் ஈரத் துணியால்தான் துடைபடுகிறது. நம் அறையில் உறை போட்ட புது மெத்தை, கழுவிய பருத்தித் துணியில் மெல்லிய திரை. பஞ்சு மெத்தையைத் திருப்பிக் கொண்டுவரட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். வேணாம் மகன், உசரத்துல படுத்துப் பழகிட்டு, காத்தும் நல்லா வருது என்கிறார். ஸ்டூலுக்கு ஒரு படி கூடுதலாக அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

சுஹைரா, இனி நேராகவே எழுதுகிறேன். விண்ணப்பத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியதை அழித்துவிடு. அது ஒரு கோழை எழுதியது. பாடசாலை விடுமுறைக்கு மூடுவதற்கு முன் அதிபரிடம் கையெழுத்தை வாங்கு. வந்து பார்க்காமல் எப்படிப் போடுவது என்று யோசிப்பாய். நியாயம்தான். என் பொறுப்பு இது: இவ்வளவுக்குப் பிறகும் இந்த வீட்டில் உனக்கு மூச்சு முட்டினால் நான் மில்லை விட்டுவிடுகிறேன். மெசினோடு பிறந்தவனா நான்? குடாவில் தோணி இருக்கிறது, மாமாவின் வயல் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறது, சீனன்குடாப் பக்கம் கேட்டால் ஏதாவது வேலை இல்லாமலா போகும்? வேலை ஆயிரம் கிடைக்கும். நீ ஒருத்திதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் மாமி வீட்டைப் புரட்டிப் போட்டுத் தூசி கிளப்புவார், அது அவருடைய பாசம், அதை ஒரு டொக்டராலும் நிறுத்த ஏலாது. எந்த நாள் வந்தாலும் நீ மூச்சு விடக்கூடிய வீடாக இது இருக்கும். அதற்கு நான் இருக்கிறேன்.

ஜக்கெட்டைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்ப வேண்டாம். போட்டுக்கொண்டு வா. ஆகஸ்ட் வெயிலில் கிண்ணியாப் பாலத்தடியில் ஜக்கெட்டோடு ஒருத்தி இறங்கினால் ஊரே நின்று பார்க்கும். பார்க்கட்டும். நான் குளித்துவிட்டு நிற்பேன்.

உன்,
நிப்றாஸ்